ஈனும் பசுவும் எமது அவசரமும்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சிப் பக்கமாக நடந்தபோது எனக்கு 13 வயது. எங்கள் கொட்டிலில் எட்டு மாதச் சினைப்பசு ஒன்று நின்றது. அதை அந்தச் சனத்துக்குள்ளால் நடத்திக்கொண்டு போகமுடியாது என்று கண்ட அம்மம்மா, கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, தொட்டி நிறையத் தண்ணீர் வார்த்துவிட்டு, திரும்பிப் பாராமல் வந்தார். அடுத்த ஆண்டு வீடு திரும்பியபோது பசுவும் இல்லை, கொட்டிலும் இல்லை. அது எங்கே போய் ஈன்றதோ, கன்று பிழைத்ததோ என்று அம்மம்மா கடைசிக் காலம்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இதை வாசிக்கும் அநேக குடும்பங்களிடம் இப்படி ஒரு கதை உண்டு. இன்று கடன்பட்டோ, நகையை அடகு வைத்தோ, உதவித் திட்டம் ஒன்றில் பெற்றோ நீங்கள் கட்டியிருக்கும் பசு வெறும் மாடு அல்ல. விட்டுவந்ததற்குப் பதிலாகக் கிடைத்தது. ஆகவே அது ஈனும் நாள் வந்ததும் நெஞ்சு படபடக்கிறது. நெஞ்சு படபடத்தால் கை அவசரப்படும். இந்தப் பாடம் அந்த அவசரத்தைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணிபுரிந்த மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் ஒரு தாயார் இரவு பத்து மணியளவில் ஆளனுப்பினார். நான் போனபோது, "பாதர், மாடு எழும்பி எழும்பிப் படுக்குது, இழுக்கட்டோ?" என்று கேட்டார். தலையீற்று நாகு; சிறிய ஊர் மாடு. அதற்குப் பெரிய பிறீசியன் இனத்து விந்து ஏற்றப்பட்டிருந்தது. ஒரு காலும் மூக்கின் நுனியும் வெளியே தெரிந்தன. மற்றக் கால் உள்ளே மடிந்திருக்கிறது என்பதை எம்மில் எவரும் தடவிப் பார்க்கவில்லை. நான்கு பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். கயிற்றின் ஒரு முனையை நானும் பிடித்தேன். கன்று இறந்தே வந்தது. நாகு பின்னங்கால் ஊன்றி எழும்பவில்லை; ஆறாம் நாள் அதுவும் போயிற்று. பின்னர் மிருக வைத்தியர் என்னிடம், "பாதர், அரை மணித்தியாலம் முந்தி எனக்குச் சொல்லியிருக்கலாம், அல்லது அரை மணித்தியாலம் பிந்தி இழுத்திருக்கலாம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அந்தச் சொல் எனக்கு இன்னும் நோகிறது.

நாள் கணக்கு

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்கள், அதாவது ஒன்பது மாதமும் ஒரு கிழமையும். ஒரு கிழமை முந்தவோ பிந்தவோ கூடும். தைப்பொங்கலன்று சினைப்படுத்திய பசு ஒக்டோபர் 20, 21ஆம் திகதியளவில் ஈனும் என்று வைத்துக்கொள்ளலாம். மாரி மழைக்குப் பிறகு புல் செழித்து மாடுகள் சினைப்படுவதால், எமது பகுதிகளில் அநேக கன்றுகள் அடுத்த மாரி தொடங்கும்போதே விழுகின்றன. சேறும் கூதலும் கூடவே வருகின்றன. ஆகவே சினைப்படுத்திய திகதியைக் கலண்டரில் குறித்துவையுங்கள். நாம்பனோடு விட்ட மாடானாலும் கண்ட நாளைக் குறியுங்கள்.

கறவை மாட்டை ஈனுவதற்கு 60 நாட்கள் முன்னரே வற்றவிட வேண்டும். பால் காசு நின்றுபோகும் என்ற கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த இரண்டு மாதமும் மடி ஓய்வெடுக்காவிட்டால், அடுத்த கறவையில் குறைவதும் கடும்புப்பால் மெலிவதும் உங்களுக்குத்தான் நட்டம். அக்காலத்தில் புல்லோடு சீமைக்கிளுவை, இப்பில் இப்பில் குழையும், நாளொன்றுக்கு ஒரு கிலோவளவு தவிடும் பிண்ணாக்கும் போதும். கொழுக்கவிட்டால் ஈனும்போது கஷ்டம்.

ஈனும் இடம் அரண்மனையாக இருக்கவேண்டியதில்லை. நான்கு கம்பும் ஒரு தறப்பாளும், நனையாத மேட்டு நிலமும், புதிய வைக்கோலும் போதும். ஆனால் ஒன்று: மாட்டின் பின்புறம் சுவரையோ வேலியையோ முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கன்று வெளிவர இடம் வேண்டும். கழுத்துக் கயிற்றையும் நீளமாக விடுங்கள். படுத்த மாடு குறுங்கயிற்றில் நெரிபட்டுப் போகும்.

ஈனும் காலம் நெருங்கிய பசு தனியிடம் தேடிப் பற்றைக்குள் போகும். அது அதன் இயல்பு. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிகளுக்கு அண்மையில் குடியிருப்போர் கடைசி இரண்டு கிழமையும் மாட்டைக் கட்டிவைத்துத் தீன் போடுங்கள். கன்றைத் தேடி அந்தப் பலகைக்கு அப்பால் எவரும் போகவேண்டாம். பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம்.

எப்போது பொறுப்பது, எப்போது ஆளனுப்புவது

மடி இறுகும், வாலின் அடியில் இரு பக்கமும் குழிவிழும், பிறப்பு வாசல் வீங்கித் தளர்ந்து கண்ணாடிபோன்ற சளி வடியும். இவை தெரிந்தால் நாள் கிட்டிவிட்டது.

நோவு தொடங்கியதும் மாடு தீனை விட்டு, எழும்பிப் படுத்து, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இது சாதாரணமாக இரண்டு முதல் ஆறு மணித்தியாலம். தலையீற்று நாகுக்கு இன்னும் கூடலாம். உள்ளே கருப்பையின் கழுத்து மெல்ல மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது. வெளியில் ஒன்றும் நடக்காததுபோல் தெரிவதால்தான் நாம் பொறுமையிழக்கிறோம். இந்நேரத்தில் கைவிடுவதும் இழுப்பதும் திறவாத கதவை உதைப்பது போன்றது. நாயைக் கட்டுங்கள், அயலவரை வீட்டுக்கு அனுப்புங்கள், தூர நின்று பாருங்கள்.

பன்னீர்க்குடம் தெரிந்தவுடன் மணிக்கூட்டைப் பாருங்கள். அதிலிருந்து பல தடவை ஈன்ற பசு ஒரு மணித்தியாலத்துக்குள்ளும், நாகு இரண்டு மணித்தியாலத்துக்குள்ளும் ஈன்றுவிட வேண்டும். குடத்தை நீங்களாக உடைக்கவேண்டாம். முன்னங்கால் இரண்டும் குளம்பின் அடி நிலத்தைப் பார்த்தபடி, அவற்றின்மேல் மூக்கு வைத்தபடி வந்தால் எல்லாம் ஒழுங்கு. கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

மாறாக, ஒரு கால் மட்டும் வருதல், கால் இரண்டும் வந்து தலை வராதிருத்தல், தலை மட்டும் வருதல், வால் மட்டும் தட்டுப்படுதல், அரை மணித்தியாலம் நன்றாக முக்கியும் முன்னேற்றமில்லாதிருத்தல், இவற்றுள் எதைக் கண்டாலும் அந்த நிமிடமே மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கவேண்டாம். தொலைபேசி இலக்கத்தை இன்றே கொட்டில் கப்பில் கரியால் எழுதிவையுங்கள். இரவில் வர வாகனம் இல்லையென்றால் யாருடைய மோட்டார்ச் சைக்கிளில் அவரைக் கூட்டிவருவது என்பதையும் முன்கூட்டியே பேசிவைத்தல் நல்லது.

குளம்பின் அடி வானத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் பின்னங்கால். சந்தேகமானால் காலைத் தடவிப் பாருங்கள். குளம்பிலிருந்து மேல்நோக்கி முதல் மூட்டும் இரண்டாம் மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால். எதிரெதிர்ப் பக்கம் மடங்கினால் பின்னங்கால். பின்னங்கால் இரண்டும் முந்திவரும் கன்றும் பிழைக்கும். ஆனால் அதன் இடுப்பு வெளிவந்த பின் தொப்புள்கொடி நெரிபடுவதால் தாமதிக்கக் கூடாது. கால்களைக் கண்டவுடனேயே வைத்தியருக்குச் சொல்லிவிடுங்கள்.

கயிறு போடுவதானால்

வைத்தியர் வரமுடியாத இரவுகளும் உண்டு. கன்று சரியான நிலையில் இருந்து, கருப்பையின் கழுத்து முழுதும் திறந்து, தாய் களைத்துவிட்டால் மட்டும் உதவலாம். நகத்தை வெட்டி, முழங்கைவரை சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கையுறை இருந்தால் போடுங்கள். பிறப்பு வாசலையும் கழுவி, சுத்தமான தேங்காயெண்ணெய் தாராளமாகப் பூசுங்கள். கொதிநீரில் அவித்த மெதுவான பருத்திக் கயிற்றைக் குளம்புக்கு மேலுள்ள முதல் மூட்டுக்கு மேலே ஒரு சுருக்கும், கீழே இன்னொரு சுருக்குமாகப் போடவேண்டும். ஒரே சுருக்கில் முழுப் பலமும் விழுந்தால் கன்றின் கால் முறியும்.

தாய் முக்கும்போது மட்டும் இழுங்கள். அது ஓய்ந்தால் நீங்களும் ஓயுங்கள். ஒரு காலைச் சற்று, பிறகு மற்றக் காலைச் சற்று என்று மாறிமாறி இழுத்தால் தோள் நழுவி வரும். தலை வந்த பின் நேராக அல்ல, மாட்டின் கீழ்க்கால் பக்கமாகச் சாய்த்து இழுக்கவேண்டும். இரண்டு பேருடைய பலத்துக்குமேல் தேவைப்பட்டால் அது இழுக்கவேண்டிய கன்று அல்ல. உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்த கதையும் கேட்டிருக்கிறேன். அதன் முடிவை எழுத எனக்கு மனமில்லை.

கன்றுக்கு முதற் பால்

கன்று விழுந்ததும் வாயிலும் மூக்கிலுமுள்ள சளியை வழித்தெடுங்கள். மூச்சு வராவிட்டால் மூக்குத் துவாரத்தில் வைக்கோல் துரும்பை விட்டுக் கிளறுங்கள், தலையில் குளிர்ந்த நீர் தெளியுங்கள், வைக்கோலால் உடம்பைத் தேயுங்கள். நெஞ்சில் ஊன்றி இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். மற்றதைத் தாய் நக்கிச் சரிசெய்யும். தொப்புளை அயடீனில் தோய்த்து, மறுநாளும் அவ்வாறு செய்யுங்கள். சாம்பலோ சாணமோ வைக்கவேண்டாம். மாரியில் இலையான் மொய்த்துப் புழு வைக்கும் இடம் அதுதான்.

பிறகு கடும்புப்பால். எமது வீடுகளில் கடும்பு அவித்துச் சீனியோ பனங்கட்டியோ சேர்த்துத் தின்னும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கன்றுக்கு நோயெதிர்ப்புச் சக்தி பிறக்கும்போது இல்லை. அது கடும்புப்பாலில் மட்டுமே வருகிறது. கன்றின் குடல் அதை உறிஞ்சும் வாசலும் மணிக்கு மணி ஒடுங்கி, 24 மணித்தியாலத்தில் அடைபட்டுவிடும். முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிப்பது சிறப்பு. ஆறு மணித்தியாலத்துக்கு மேல் போகவே கூடாது. முதல் நாளில் கன்றின் நிறையில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். 20 கிலோக் கன்றுக்கு இரண்டு லீற்றர். இளங்கொடி விழுமட்டும் கன்றைப் பால் குடிக்கவிடக்கூடாது என்று சிலர் தடுக்கிறார்கள். அது தவறு. கன்று முட்டிக் குடிக்கும்போதுதான் கருப்பை சுருங்கி இளங்கொடியும் கழரும். மிஞ்சியதை அவியுங்கள், கன்று குறைசொல்லாது.

ஈன்ற பசு நேற்றுவரை சாதுவாக நின்ற பசு அல்ல. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள். கன்றைத் தூக்குவதானால் ஒருவர் தாயைப் பிடித்திருக்க வேண்டும்.

இளங்கொடி

பெரும்பாலும் 12 மணித்தியாலத்துக்குள் விழுந்துவிடும். விழாவிட்டால் இழுப்பதோ, கல்லோ செருப்போ கட்டித் தொங்கவிடுவதோ வேண்டாம். கருப்பை கிழியும், சிலவேளை கருப்பையே வெளிவந்துவிடும். வைத்தியருக்கு அறிவித்துவிட்டுக் கவனித்திருங்கள். துர்நாற்றம், காய்ச்சல், தீன் தின்னாமை தெரிந்தால் அவசரம்.

இளங்கொடியை உமலில் கட்டி ஆலமரத்தில் தூக்குவது எமது முன்னோர் வழக்கம். நாய் இழுக்காமல் காக்கும் யோசனையும் அதில் இருந்தது. ஆயினும் காகம் கொத்திக் கீழே போட்டதை நான் கண்டிருக்கிறேன். மூன்று, நான்கு அடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே பாதுகாப்பு. மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா என்ற கிருமி இளங்கொடியிலும் அந்த நீரிலும் நிறைய இருக்கும். அது மனிதருக்கும் தொற்றி, விட்டு விட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு நோவையும் தரும். வெறுங்கையால் தொடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் அந்தப் பக்கமே வரவேண்டாம். முகாமிலும் நெருக்கமான குடியிருப்பிலும் இருப்போருக்கு இது இரட்டிப்பு முக்கியம். பாலையும் காய்ச்சியே குடியுங்கள்.

தாய் விழுந்தால்

நிறையப் பால் தரும் ஜேர்சிக் கலப்புப் பசு, மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு, ஈன்று மூன்று நாட்களுக்குள் காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் வளைத்துப் படுத்து எழும்பாமல் கிடந்தால் அது பால் காய்ச்சல். பெயர் காய்ச்சல், உடம்பு சுடாது. இரத்தத்தில் கல்சியம் குறைந்ததால் வருவது. வைத்தியர் நாளத்தில் கல்சியம் மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் கண்முன்னே எழும்பி நிற்கும், தாமதித்தால் செத்துவிடும். அவர் வரும்வரை, வைக்கோல் மூட்டை அண்டை கொடுத்து நெஞ்சில் நிமிர்த்தி வையுங்கள். வாயில் கஞ்சியோ கசாயமோ வார்க்கவேண்டாம். விழுங்கத் தெம்பில்லாத மாட்டுக்கு அது சுவாசப்பைக்குள் போய்விடும்.

எல்லாம் நல்லபடி நடந்தால், 60 நாட்களுக்குப் பின் மாடு மறுபடி வேட்கைக்கு வரும்போது சினைப்படுத்தலாம். அப்போது விந்து ஏற்ற வருபவரிடம் இனம் எது என்று கேளுங்கள். சிறிய ஊர் மாட்டுக்கும் நாகுக்கும் ஜேர்சி அல்லது சிந்தி கேளுங்கள், பிறீசியன் வேண்டாம். நாகு, வளர்ந்த பசுவின் நிறையில் மூன்றில் இரண்டு பங்காவது வரும்வரை அதை நாம்பனிடமும் விடவேண்டாம். அந்தத் தாயார் பின்னர் வாங்கிய நாகை இரண்டரை வயதுவரை சினைப்படுத்தாமல் வைத்திருந்தார். கார்த்திகை மாதத்து மழையில், ஆளனுப்பாமலே, அது ஈன்றது. விடிந்தபின் கடும்பு கொண்டுவந்தார். கன்று குடித்து மிஞ்சியதுதானா என்று கேட்டுவிட்டே வாங்கினேன்.