பல்புக்குக் கீழே வளர்ந்த குஞ்சும் வாடைக் காற்றும்

வியாபார சகோதரர்களே, மன்னாரில் குளிர் இருக்கிறது என்று சொன்னால் நுவரெலியாவில் கடை வைத்திருப்பவர் சிரிப்பார். மார்கழி நடு இரவிலும் நம்மூரில் வெப்பநிலை 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நமக்கு ஒரு போர்வை போதும். ஆனால் முட்டையை உடைத்து வந்த குஞ்சுக்கு முதல் கிழமை 33 முதல் 35 பாகை சூடு வேண்டும். அதன் கணக்கில் நம்மூர் இரவு பத்துப் பன்னிரண்டு பாகை குறைவு. அந்தக் குறைவுக்குள்தான் 2022 டிசம்பரில் என் முதலும் போனது, பெயரும் போனது.

நான் செய்வது ஒரு மாதக் குஞ்சு வியாபாரம். ஒருநாள் குஞ்சுகளை மதவாச்சி வழியாக வரும் லொறியில் இறக்கி, நாலு கிழமை வளர்த்து, தீவுக்குள்ளும் முசலிப் பக்கத்துக் கிராமங்களுக்கும் விற்பேன். ஒருநாள் குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கரு மிச்சம் இருப்பதால் இரண்டு, மூன்று நாள் தீன் இல்லாமலும் தாங்கும். பொரிப்பகக்காரர் அதை நம்பித்தான் தூரத்துக்கு அனுப்புகிறார். பசியைத் தாங்கும் குஞ்சு குளிரைத் தாங்காது என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

அந்த வருடம் ஒரு நிறுவனம் வாழ்வாதார உதவிக்கென்று ஐந்நூறு குஞ்சு கேட்டது. பெயர் வேண்டாம். நிதியாண்டு முடிகிறது, டிசம்பர் இரண்டாம் கிழமைக்குள் கொடுத்து முடிக்க வேண்டும் என்றார்கள். மாரி நடுவே வேண்டாம், தை கழியட்டும் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. காசோலை கண்ணுக்கு முன்னால் இருந்தது. குஞ்சுகள் நாலு கிழமையும் நிறைந்திருந்தன. ஆனால் ஒப்படைத்த அன்று காலை வரை பல்புச் சூட்டிலேயே இருந்தவை.

அந்தக் கிழமையில்தான் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் வந்தது. டிசம்பர் 9 ஆம் திகதி இரவு அது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரை ஏறியது. நமக்கு வந்தது அதன் குளிர்க்காற்றும் தூறலும் மட்டும். அதுவே வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளையும் ஆடுகளையும் கொன்றது. மாடே தாங்காத காற்றில் என் குஞ்சு எம்மட்டு? சிலாவத்துறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி போன் எடுத்தார். "நானா, நீங்க தந்த இருபதில மூணுதான் நிக்கிது. நான் ஒழுங்காத்தான் கூட்டுக்குள்ள விட்டன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கம்பி வலைக் கூடு, வடகிழக்குப் பக்கம் திறந்த முற்றம், கீழே ஈர மணல். அப்படி வைக்கக் கூடாது என்று விற்ற நான் சொல்லியிருக்கவில்லை. பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கட்டளை. சூட்டிலிருந்து இறக்கிப் பழக்காத குஞ்சு குறையுள்ள பொருள்தான்.

இனி, நான் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

குஞ்சைக் கொல்வது குளிர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். காற்றும் ஈரமும் கூடினால்தான் கொலை நடக்கும். குஞ்சின் உடம்பில் முதலில் இருப்பது பஞ்சு போன்ற மென்மயிர். அது நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சூட்டைப் பிடித்து வைக்காது. உண்மையான இறகு முதுகிலும் நெஞ்சிலும் மூட நாலு முதல் ஆறு கிழமை செல்லும். ஆகவே வயதை மட்டும் எண்ணாமல் குஞ்சைக் கையில் எடுத்து, நெஞ்சை ஊதிப் பாருங்கள். தோலும் பஞ்சும் தெரிந்தால் அது வெளியே போகும் குஞ்சு அல்ல. ஊர்க்கோழியின் குஞ்சு ஒரு கிழமையிலேயே முற்றத்தில் ஓடுகிறதே என்று கேட்பார்கள். அதற்குத் தாயின் செட்டை பக்கத்திலேயே இருக்கிறது. நமது குஞ்சுக்கு பல்புதான் தாய்.

மன்னார்க் காற்று சாதாரணக் காற்றும் அல்ல. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் சேர்ந்தால் 103.5 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம். அவ்வளவு காற்று அடிக்கும் ஊரில் வலைக்கூட்டை வெட்டவெளியில் வைத்துவிட்டு அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போடுவது நியாயமா? மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். கூட்டை வீட்டுச் சுவரின் தென்மேற்குப் பக்கத்தில் வைத்து, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, காற்று வரும் பக்கத்தை கிடுகாலோ சாக்காலோ மூட வேண்டும். மேலே ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். படங்கு போட்டு முழுதாக மூடினால் எச்சத்தின் நெடி உள்ளே நின்று நெஞ்சு நோயைக் கொண்டுவரும். நின்றுகொண்டு மணந்து பார்ப்பதில் பயனில்லை. குந்தி, குஞ்சின் மூக்கு இருக்கும் உயரத்தில் மணந்து பாருங்கள். உமி நனைந்தால் அன்றே மாற்றுங்கள், ஈர உமியில் இரத்தக் கழிச்சல் பிறகே வரும்.

சூட்டை இறக்குவது படிப்படியாக. கிழமைக்கு மூன்று பாகை குறைத்தால் சரி. வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சு சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கத்தில் ஒதுங்கினால் எங்கோ ஓட்டை வழியாகக் காற்று வருகிறது. பரவலாகப் படுத்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம். மூன்றாம் கிழமையில் பகலில் பல்பை அணைத்துவிடுகிறேன். நாலாம் கிழமையில் வெயில் உள்ள நாளில் பத்து மணிக்கு வெளியே விட்டு, மூன்று மணிக்கு முன்னர் உள்ளே எடுக்கிறேன். கடைசியில் இரவிலும் பல்பு இல்லை. தொடர்ந்து ஐந்து இரவு சூடில்லாமல் இருந்து ஒன்றும் சாகாத தொகுதியைத்தான் இப்போது விற்கிறேன். மாரியில் அது ஆறாம் கிழமை ஆகிவிடும். மேலதிகத் தீன் செலவை விலையில் வெளிப்படையாகச் சேர்க்கிறேன். ஒரு மாதக் குஞ்சை மலிவாகக் கேட்பவரிடம் தை மாதம் வரச் சொல்கிறேன். சிலர் வேறு இடத்தில் வாங்குகிறார்கள், வாங்கட்டும்.

பல்பு என்றதும் ஒரு விஷயம். எல்.ஈ.டி. பல்பு வெளிச்சம் தரும், குஞ்சுக்குப் போதிய சூடு தராது. எத்தனையோ பேர் அதைப் போட்டுவிட்டு, விடிய விடிய வெளிச்சம் எரிந்தும் குஞ்சு செத்ததே என்கிறார்கள். பழைய இழை பல்பு வேண்டும், குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் கணக்கு. அல்லது கோழிக்கென்றே வரும் சிவப்பு பல்பு. ஹாட்வெயார் கடைக்காரர்கள் ஐப்பசியில் ஒரு பெட்டி எடுத்து வைத்தால் மார்கழிக்கு முன் விற்றுவிடும். இது என் கடைக்கு வரும் கேள்வியை வைத்துச் சொல்வது.

கரண்ட் போனால்? 2022 மார்ச் 31 ஆம் திகதி பதின்மூன்று மணிநேரம் வெட்டினார்கள், மண்ணெண்ணெய்க்கும் வரிசை. சிரட்டைக்கரிச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்தவர்களின் குஞ்சுகள் சூட்டோடு செத்தன. கரிப்புகையின் நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மனிதரையும் அது விடாது. நான் சுடுநீரைப் போத்தல்களில் அடைத்து, சாக்கில் சுற்றி, குஞ்சுகளுக்கு நடுவில் வைத்தேன். இரண்டு மணிக்கொரு தடவை எழும்பி மாற்ற வேண்டும். தூக்கம் கெட்டது, குஞ்சு பிழைத்தது.

தாம்போதியைக் கடக்கும்போதும் கவனம் தேவை. மோட்டார் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினால் கடற்காற்று இரு பக்கமும் அறுக்கும். பெட்டியின் முன்பக்கத்தைச் சாக்கால் மூடி, துவாரத்தைப் பின்பக்கம் விடுங்கள். மழை என்றால் ஓட்டோ பிடியுங்கள், அந்தக் கூலி இரண்டு குஞ்சின் விலைக்குள் முடிந்துவிடும்.

இறைச்சிக் கோழி வளர்ப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். பேசாலை, தலைமன்னார்ப் பக்கம் நத்தாருக்குக் கோழி வேண்டுமென்றால் குஞ்சு நவம்பர் நடுவில், மழை கொட்டும்போது இறங்க வேண்டும். நம் நோன்புப் பெருநாளும் வருடா வருடம் முன்னேறி மாரிக்குள் வருகிறது. 2030 இல் நோன்பு ஜனவரித் தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக இரண்டு தடவை தொடங்கும். கொட்டில் கட்ட நினைப்பவர்கள் காற்றின் திசையை இப்போதே பார்த்துக் கட்டுங்கள்.

அந்தச் சகோதரிக்கு 2023 பங்குனியில் இருபது குஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. கூட்டை நானே சுவரோரம் தூக்கி வைத்தேன். மற்ற வீடுகளுக்கும் அப்படியே கொடுத்துவர ஆவணி ஆகிவிட்டது. இப்போது விற்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் பத்து நாள் பொறுப்பு என்னுடையது. அதற்குள் குளிரில் செத்தால் பதில் குஞ்சு தருவேன். ஆனால் கூடு எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை இறக்குவேன்.