தேதி சரி, தொகை சரி, பில் தப்பு

அன்புள்ள தம்பிக்கு,

பில்லுக்காக நீ எழுதிய எக்ஸ்எம்எல் ஸ்கீமாவைப் பார்த்தேன். தேதி தேதியாக இருக்கிறதா, தொகை எண்தானா, கட்டாயமான எலிமென்ட் எல்லாம் வந்திருக்கிறதா என்று ஒழுங்காகவே கேட்கிறது. ஆனால் மார்ச் 31-ல் தொடங்கி மார்ச் 1-ல் முடிகிற பில் வந்தாலும் 'வேலிட்' என்று வழி விட்டுவிடும். இரண்டு தேதியும் தனித்தனியே சரியானவை. சேர்த்துப் பார்த்தால்தான் தப்பு தெரியும்.

நீ பயன்படுத்தும் ஸ்கீமா மொழி, 2001-ல் டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எஸ்டி 1.0. அதற்கு இந்த வேலை வராது. கீ, கீரெஃப் வைத்து, இங்கே சொன்ன பொருள் எண் அங்கே உள்ள பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு மதிப்பு இன்னொன்றைவிடப் பெரியதா என்று கேட்க அதில் வழியே இல்லை. 2012-ல் வந்த 1.1 பதிப்பில்தான் 'அசெர்ட்' சேர்ந்தது. எக்ஸ்எம்எல்லில் மதிப்புகளை எடுத்து ஒப்பிட உதவும் எக்ஸ்பாத் 2.0 மொழியில் ஒரு நிபந்தனை எழுதுகிறோம். அது உண்மையாக இருந்தால்தான் அந்த எலிமென்ட் செல்லும்.

அசெர்ட்டை எங்கே வைப்பது என்பதில் கவனமாக இரு. அது தன் எலிமென்டையும் அதற்குள் இருப்பதையும் மட்டும்தான் பார்க்கும், மேலே ஏறிப் பார்க்காது. ஒவ்வொரு பொருளுக்கும் போட்ட தொகைகளின் கூட்டலும் கடைசியில் போட்ட மொத்தமும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதியை மொத்தத்தின் டைப்பில் எழுதினால் அதன் கண்ணுக்கு அந்தத் தொகைகளே தெரியாது. இரண்டையும் உள்ளடக்கிய பில் எலிமென்டில் எழுது. அதே பதிப்பில் வந்த 'ஆல்டர்னேட்டிவ்' இன்னும் குறுகிய பார்வை கொண்டது. ஓர் அட்ரிபியூட்டின் மதிப்பைப் பார்த்து டைப்பை மாற்றும், பிள்ளை எலிமென்டுகளைத் திரும்பியும் பார்க்காது.

இனி உனக்கு ஏமாற்றம் தரும் செய்தி. நீ பைத்தானில் எல்எக்ஸ்எம்எல் வைத்திருக்கிறாய். அதன் அடியில் இருக்கும் லிப்எக்ஸ்எம்எல்2-க்கு எக்ஸ்எஸ்டி 1.0 மட்டுமே தெரியும். டாட்நெட்டும் ஜாவாவோடு கூடவே வரும் வேலிடேட்டரும் அப்படித்தான். 1.1 வேண்டுமென்றால் ஜாவாவில் செர்சஸ், காசு கொடுத்து வாங்கும் சாக்ஸன் பதிப்பு போன்ற வேறு கருவிக்குப் போக வேண்டும். நல்ல தரநிலை, ஆனால் அதைக் கையில் எடுக்க ஆள் குறைவு.

அதனால் பெரும்பாலோர் ஸ்கீமட்ரான் பக்கம் போகிறார்கள். அது எக்ஸ்பாத்தில் விதிகளை எழுதும் மொழி. ரிக் ஜெலிஃப் 1999-ல் உருவாக்கியது; 2006-ல் ஐஎஸ்ஓ தரநிலை ஆனது. எக்ஸ்எஸ்டி வடிவத்தைப் பார்த்துக்கொள்ளும், மதிப்புகளுக்கு இடையிலான உறவை ஸ்கீமட்ரான் பார்த்துக்கொள்ளும். ஐரோப்பிய மின்-விலைப்பட்டியலுக்கான இஎன் 16931 இப்படித்தான் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிஆர்-சிஓ-15 விதிப்படி, வரியில்லாத தொகையும் வரித்தொகையும் சேர்ந்தால் வரியோடு கூடிய மொத்தம் வர வேண்டும். பிஆர்-29-ஐ இன்னும் நிதானமாகப் படி: தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் கொடுக்கப்பட்டிருந்தால், முடிவு தொடக்கத்துக்கு முந்தியதாக இருக்கக் கூடாது.

அந்த 'இரண்டும் கொடுக்கப்பட்டிருந்தால்' சும்மா போட்டது இல்லை. அதே விதியை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 'முடிவு >= தொடக்கம்'. மற்றொன்று, 'முடிவு < தொடக்கம் என்பது உண்மையல்ல'. பள்ளிக் கணக்கில் இரண்டும் ஒன்று. எக்ஸ்பாத்தில் அப்படியில்லை. இல்லாத எலிமென்டோடு எதை ஒப்பிட்டாலும் விடை பொய். ஆகவே முடிவுத் தேதியே போடாத பில்லை முதல் வடிவம் தள்ளிவிடும், இரண்டாவது ஏற்றுக்கொள்ளும். முடிவுத் தேதி விருப்பப் புலம் என்றால் இரண்டாவதுதான் உனக்கு வேண்டும்.

ஆனால் உன் கருவியில் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும். எல்எக்ஸ்எம்எல்லின் ஸ்கீமட்ரான் ஓடுவது எக்ஸ்பாத் 1.0-ல். அதில் > < எல்லாம் எண்களுக்கு மட்டும். '2024-03-31' என்பதை எண்ணாக மாற்றப் பார்க்கும், முடியாது, 'எண்ணல்ல' என்ற மதிப்பு வரும். அது பெரிதா சிறிதா என்று எதோடு ஒப்பிட்டாலும் பொய்தான். முதல் வடிவம் சரியான பில்லையும் சேர்த்து எல்லாவற்றையும் தள்ளும். அரை மணி நேரத்தில் யாராவது போன் போட்டுக் கத்துவார்கள், கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது வடிவமோ தலைகீழான தேதி உட்பட எல்லாவற்றையும் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். விதி இருப்பதாக நீ நம்பிக்கொண்டிருப்பாய். இதற்கு வழி, ட்ரான்ஸ்லேட் ஃபங்ஷனால் கோடுகளை நீக்கி 20240331, 20240301 என்று எண்களாக்கி ஒப்பிடுவது. எக்ஸ்பாத் 2.0 கிடைத்தால் நேராகத் தேதி டைப்புக்கு மாற்றிக்கொள்.

தொகையிலும் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ்பாத் 1.0-ல் எண் எல்லாம் ஃப்ளோட்டிங் பாயின்ட் என்பதால் 0.1, 0.2 கூட்டினால் 0.3-க்குச் சமமாகாது. இருபக்கமும் 100-ஆல் பெருக்கி, ரவுண்ட் செய்து, பிறகு ஒப்பிடு.

எதை எதில் வைப்பது என்றால், என் வழக்கம் இது: கோப்பை மட்டும் படித்தே சொல்லக்கூடிய உறவை ஸ்கீமட்ரானில் வைப்பேன். வாடிக்கையாளர் கணக்கு உயிரோடு இருக்கிறதா, பில் எண் முன்பே வந்ததா என்பதற்கெல்லாம் டேட்டாபேஸைக் கேட்க வேண்டும்; அவை அப்ளிகேஷன் கோடில் இருக்கட்டும். அங்கே இருப்பதை ஸ்கீமாவுக்குள் திணிக்காதே.

ஸ்கீமட்ரானில் எனக்குப் பிடித்தது, தப்பு வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை நாமே எழுதலாம். எக்ஸ்எஸ்டி அசெர்ட்டுக்குத் தரநிலையில் அந்த வசதி இல்லை. அசெர்ஷன் தோற்றது என்று மட்டும் வரும். 'முடிவுத் தேதி தொடக்கத்துக்கு முன்னால் இருக்கிறது' என்று தமிழிலேயே எழுதிவிடு, பில் போடுகிறவருக்குப் புரியும்.

அடுத்த மடலில் விதிக் கோப்போடு மூன்று மாதிரி பில்களும் அனுப்பு: தேதி சரியாக உள்ள ஒன்று, தலைகீழாக உள்ள ஒன்று, முடிவுத் தேதியே இல்லாத ஒன்று.

அன்புடன்,
அண்ணன்