வண்டி ஏசிக்குள் இருப்பது எந்தக் காஸ்?

றொசல்லப் பக்கம் ஓடும் வேன்காரரிடம் "இந்தக் குளிருக்குள் ஏசி எதற்கு?" என்று கேட்டால் சிரிப்பார். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் மழையும் மூடுபனியும் இறங்கிவிட்டால், ஆட்கள் நிறைந்த வண்டியின் கண்ணாடி உட்புறமாக வெள்ளையாய்ப் படர்ந்துவிடும். துணியால் துடைத்துக்கொண்டே வளைவுகளில் ஓட்ட முடியாது. உள்ளிருக்கும் காற்றின் ஈரத்தை ஏசி இழுத்துவிட, கண்ணாடி தெளியும். எமது பாதைகளில் அது சொகுசுப் பொருள் அல்ல.

காணியை விட்டு வந்த குடும்பங்கள் சில, கிடைத்த பணத்தோடு கடனையும் சேர்த்துப் பழைய வேன் ஒன்றை வாங்கி ஹயர் ஓடுகின்றன. வேறு சில வீட்டுப் பிள்ளைகள் கராஜில் வேலை பழகுகிறார்கள். இந்தப் பாடம் இரு பகுதியினருக்கும் உரியது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். ஏசி காஸ் பெற்றோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே காஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது என்பதே பெரும்பாலும் பொருள். கசிவை அடைக்காமல் அடிக்கடி காஸ் நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போன்றது.

1990களின் தொடக்கம் வரை வண்டிகளில் இருந்தது ஆர்-12. அது ஓசோன் படலத்தைத் தின்றதால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக நிறுத்தப்பட்டது. இலங்கை அதில் 1989இல் இணைந்தது. அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் ஒரு கிலோ வெளியேறினால், கரியமில வாயு ஏறக்குறைய 1,400 கிலோ வெளியேறிய அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஆகவே மூன்றாவதாக ஆர்-1234வைஎப் வந்தது. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்கள் எதிலும் ஆர்-134ஏ அனுமதிக்கப்படவில்லை. புதிய காஸ் சூடாக்குவது மிகக் குறைவு. விலையோ பல மடங்கு. பழைய இயந்திரத்தில் அதை ஏற்ற முடியாது. இணைப்பு வாய்களே வேறு.

இன்னொன்றும் உண்டு: அது தீப்பற்றக்கூடியது. சமையல் காஸைப் போல இலகுவாக அல்ல. எனினும் 2012இல் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் நடத்திய சோதனையில், சூடேறிய எஞ்சின் பகுதிகளில் அது பட்டுத் தீப்பிடித்தது. எரியும்போது ஹைட்ரஜன் புளோரைட் என்னும் அரிக்கும் நச்சு வாயு பிறக்கும். பின்னர் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் பாரதூரமான ஆபத்துக்குச் சான்றில்லை என்று கூறியது. எமது கருத்து இது: வீதியில் ஓடும் வண்டியைவிட, காற்றோட்டமற்ற கராஜில் பீடி பற்றவைத்துக்கொண்டு குழாயைக் கழற்றும் பையனுக்கே ஆபத்து அதிகம்.

விலை ஏறும்போதுதான் குறுக்குவழி வருகிறது. எமக்குத் தெரிந்த குடும்பமொன்றின் வேனில், செலவு குறையும் என்று சொல்லி ஒரு கராஜில் சமையல் காஸை ஏற்றிவிட்டார்கள். நன்றாகவே குளிர்ந்தது, பொறி அங்கேதான். சில மாதங்களில் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயில் கசிந்தது. "தம்பி, அடுப்பு வாசம் அடிக்குதே" என்று பின்னால் இருந்த பாட்டி சொன்னதால், வண்டியை நிறுத்தி எல்லாக் கதவுகளையும் திறந்தார்கள். 2021இன் இறுதியில் வீடுகளில் நடந்த காஸ் வெடிப்புகள் எமக்கு மறக்கவில்லை. வீட்டு பிரிட்ஜிலும் அதே இனத்துக் காஸ் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவர். அங்கே இருப்பது சில பத்துக் கிராம். அதற்கென்றே செய்த பெட்டி. அது குலுங்குவதுமில்லை, மோதுவதுமில்லை.

போலிக் காஸ் அதைவிட மோசம். 2011இல் ஆர்-134ஏ என்ற பெயரில் மெதில் குளோரைட் கலந்த காஸ் நிரப்பப்பட்ட கப்பல் குளிர்க் கொள்கலன்கள் வெடித்து மூவர் இறந்தனர். அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும் பொருளாக மாறுகிறது. வண்டி ஏசியிலும் பெரும்பகுதி அலுமினியமே.

ஹைபிரிட் கார் வருமானால் எண்ணெயையும் கவனிக்க வேண்டும். அதன் கொம்பிரசர் 200 வோல்ட்டுக்கு மேல் மின்சாரத்தில் ஓடுகிறது. சாதாரண வண்டிகளின் பேக் எண்ணெய் சிறிது கலந்தாலும் மின்காப்புக் கெட்டு, விலை கூடிய கொம்பிரசரையே மாற்ற வேண்டி வரலாம். செம்மஞ்சள் நிற வயரைப் பயிற்சி இல்லாதவர் தொடக்கூடாது.

கராஜில் நிற்கும் பிள்ளைகளுக்கு: திரவக் காஸ் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும்; கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது, குழிக்குள் தேங்கி மூச்சடைக்கும். கசிவு பார்க்க நைட்ரஜன் பாவிக்க வேண்டும். ஒட்சிசன் ஒருபோதும் கூடாது, கொம்பிரசர் காற்றும் கூடாது.

கிகாலித் திருத்தத்தை இலங்கை 2018இல் ஏற்றது. அதன்படி ஆர்-134ஏ இனத்தின் பாவனை 2024இல் உச்சவரம்புக்குள் வந்தது. 2029இல் 10 சதவீதம் குறைய வேண்டும். ஆகவே பழைய வண்டிக்கும் காஸ் மலிவாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

போனட்டைத் திறந்தால் ஒரு லேபல் ஒட்டியிருக்கும். காஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அதில் உண்டு. அதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். கராஜில் விலை பேசும் முன், கசிவு பார்ப்பார்களா, பழைய காஸை இயந்திரத்தால் இழுத்து எடுப்பார்களா, தராசில் நிறுத்து ஏற்றுவார்களா என்று கேளுங்கள். பில்லில் காஸின் பெயரை எழுதித் தர மறுக்கும் இடத்தில் வண்டியை விட வேண்டாம்.