ஆறிய பல்பும் எரியும் பல்பும்

ஓம் விதியை எழுதச் சொன்னால் மாணவர்களில் பலர் 'வெப்பநிலை மாறாதிருக்கும்போது' என்ற சொற்களை விட்டுவிடுகிறார்கள். நான் அரை மதிப்பெண் குறைப்பதுண்டு. "இதற்குப் போய்க் குறைப்பதா?" என்று முகம் சுளிப்பார்கள். அந்தச் சொற்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்று பார்ப்போமா?

எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் ஒதுக்கி வைத்த பழைய 60 வாட் இழை பல்பு ஏதேனும் வீட்டில் கிடக்கிறதா? 230 வோல்ட்டில் அது எரியும்போது மின்தடை எவ்வளவு? மின்னழுத்தத்தின் இருமடியைத் திறனால் வகுத்தால் ஏறக்குறைய 880 ஓம். இனி, பல்பைக் கழற்றி எடுத்து, நன்றாக ஆறியபின் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். (ஹோல்டரில் இருக்கும்போது ஒருபோதும் அளக்கக் கூடாது!) அறுபது, எழுபது ஓம்தான் காட்டும். மீட்டர் பழுதில்லை, கணக்கும் தவறில்லை. எரியும் டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை சுமார் 2500 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் தடை பன்மடங்காகிவிடுகிறது.

ஆறிய இழையின் தடையை வைத்துக் கணக்கிட்டால் மின்னோட்டம் மூன்று ஆம்பியருக்கு மேல் வரும். எரியும்போது ஓடுவதோ கால் ஆம்பியர். அந்த மூன்று ஆம்பியரும் பொய்யல்ல. சுவிட்சைப் போட்ட கணத்தில் அவ்வளவு பாயக்கூடும்; நொடியின் சிறு பகுதிக்குள் இழை சூடேறி அதைக் குறைத்துவிடும். நாட்பட்ட பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே ஃபியூஸ் ஆனது இதனால்தான்.

சூடு ஏன் தடையைக் கூட்டுகிறது? உலோகத்தில் கட்டற்ற எலெக்ட்ரான்கள் ஏராளம். வெப்பத்தால் அவற்றின் எண்ணிக்கை மாறுவதில்லை. அணுக்களின் அதிர்வுதான் மிகுகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் நின்ற இடத்திலேயே ஆடத் தொடங்கினால் நீங்கள் எளிதில் நடந்து போக முடியுமா? எலெக்ட்ரான்களின் பாடும் அதுதான்.

தூய சிலிகான், ஜெர்மானியம் போன்ற குறைகடத்திகளில் நிலைமை தலைகீழ். அங்கே எலெக்ட்ரான்கள் பெரும்பாலும் அணுக்களோடு பிணைந்து கிடக்கின்றன. வெப்பம் அவற்றை விடுவிக்கிறது. அதிர்வு அங்கேயும் உண்டு. ஆயினும் விடுபடும் எலெக்ட்ரான்களின் பெருக்கம் அதை வென்றுவிடுவதால் தடை குறைகிறது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் உள்ள தெர்மிஸ்டர் இப்படித்தான் வேலை செய்கிறது.

சூட்டை ஏறத்தாழப் பொருட்படுத்தாதவையும் உண்டு. தாமிரம், மாங்கனீஸ், நிக்கல் சேர்ந்த மாங்கனின் என்ற உலோகக் கலவை அத்தகையது. ஆய்வுக்கூடத்து மின்தடைப் பெட்டிகளில் அதன் கம்பியைச் சுற்றி வைப்பது வழக்கம். அங்கே தாமிரக் கம்பி இருந்தால், மார்கழிக் காலையில் 100 ஓம் காட்டிய சுருள், வெப்பநிலை 15 டிகிரி கூடிய சித்திரைப் பிற்பகலில் ஏறக்குறைய 106 ஓம் காட்டும். செய்முறைத் தேர்வில் உங்கள் விடையும் அதற்கேற்பத் தவறும்.