கச்சானில் இறங்க முதல்

தம்பி, கொழும்புக்குப் போய்க் காசைக் கரைக்க முதல் அக்கா சொல்வதை ஒருக்காக் கேள். கொம்பியூட்டர் விளையாட்டில், நம்ம ஊர்ச் சீனக்குடா ஓடுபாதையில் ஒரு சின்ன விமானத்தை ஒழுங்காக இறக்க வேண்டும், அதுதானே உன் ஆசை? நீயோ கிராபிக்ஸ் கார்ட் விலைகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, விமானத்தை மட்டும் கீபோர்ட் அம்புக்குறியால் திருப்பப் பார்க்கிறாய். அம்புக்குறிக்கு அமத்துவது, விடுவது என்று இரண்டே நிலை. இறங்கும் நேரத்தில் கை கேட்பது நூலிழை அளவு இழுப்பு. அதனால் முதல் காசு ஜாய்ஸ்டிக்குக்கு.

அதிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரி. மலிவானவற்றில் அநேகமாகப் பொட்டன்சியோமீட்டர். ஒரு தகடு கரித்தடத்தின் மேல் உரசி உரசி அளவைச் சொல்லும். உரசினால் தேயும், தூசும் பிடிக்கும். நான் முதலில் வாங்கிய பழைய ஜாய்ஸ்டிக், கையை எடுத்தாலும் இடப்பக்கம் சரிந்துகொண்டே போனது. ஒரு மாதம் என் ஓட்டம்தான் பிழையென்று நினைத்திருந்தேன்! ஹோல் சென்சர் உள்ளதில் காந்தம் தள்ளி நின்று அளக்கும், உரசலே இல்லை. திரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் அந்த வகை; இடதுகைக்காரனான உனக்கும் பொருந்தும். ஆனால் அதிலும் பிடியை முறுக்கும் அச்சு பழைய பொட்டன்சியோமீட்டர்தான். பாவித்ததை வாங்கினால் கடையிலேயே கொம்பியூட்டரில் கொழுவி, விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திற. ஆறுதலாக அசைத்துப் பார், விட்டுப் பார், முறுக்கிப் பார். குறி துள்ளினாலோ நடுவுக்குத் திரும்பாவிட்டாலோ விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

செஸ்னா கரவன் போன்ற சின்ன விமானத்தில் இருப்பது யோக் என்ற கைச்சக்கரம். அது மேசை விளிம்பில் இறுக்கிப் பூட்டும் சாமான். அம்மாவின் தையல் மேசையில் தழும்பு விழுந்தால் நான் பொறுப்பில்லை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது சீனக்குடாவிலிருந்து எழும்பிய ஹரிக்கேன் போர் விமானங்களைப் பற்றித்தான் நீ ஓயாமல் கதைக்கிறாய். அதற்கு ஸ்டிக்தான் சரி.

வால் சுக்கானைக் காலால் திருப்பும் பெடல்? இப்ப வேண்டாம். அது குறுக்குக் காற்றில்தான் அதிகம் தேவைப்படும். சீனக்குடா ஓடுபாதையின் பெயர் 06/24. பூச்சியத்தைச் சேர்த்துப் பார்: 60 பாகை, 240 பாகை. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து, கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து. இரண்டும் ஏறக்குறைய ஓடுபாதை நீளத்துக்கே அடிக்கும். கச்சான் காலத்தில் துறைமுகத் தண்ணிக்கு மேலால் வந்து 24இல் இறங்கலாம். வாடைக்கு மற்றப் பக்கம். குறுக்குக் காற்று குறைந்த இடத்தில் பழக, முறுக்குப் பிடி போதும்.

இனிக் கொம்பியூட்டர் பெட்டிக்கு வருவோம். மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020க்குக் குறைந்தது 8 ஜிபி ரேம், 150 ஜிபி இடம். 2024க்கு 16 ஜிபி ரேம். டிஸ்கில் இடம் 50 ஜிபி போதும், ஆனால் நிலக்காட்சியைப் பறக்கப் பறக்க இணையத்திலிருந்து இழுக்கும். டேட்டா பெக்கேஜை யார் கட்டுவது? எக்ஸ்-பிளேன் நிலத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கும், டெமோவும் உண்டு. ஃபிளைட்கியர் முழுக்க இலவசம். இருக்கிற பழைய லப்டொப்பில் அதைப் போட்டு, புது ஜாய்ஸ்டிக்கோடு ஒரு மாதம் ஓட்டு. எங்கே திணறுகிறது என்று அதுவே காட்டும்.

பிறகும் பெட்டி வேண்டுமென்றால் முதலில் சிபியூவைப் பார். இந்த விளையாட்டுகளில் பெரும்பாரம் ஒரு கோரின் தலையில் விழும். அது மெதுவென்றால் எவ்வளவு பெரிய கார்ட் போட்டாலும் படம் திக்கும். 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, அசையாத 30 ஃபிரேம். அறுபதுக்கும் இருபதுக்கும் இடையில் துள்ளும் படத்தைவிட அசையாத முப்பதில் இறங்குவது சுகம்.

கடைசியாக, கடல் பக்க யன்னலடியில் பெட்டியை வைக்காதே. உப்புக்காற்று ரேம் கால்களிலும் யூஎஸ்பி வாயிலும் பச்சை பிடிக்க வைக்கும். யூபிஎஸ் ஒன்றும் வாங்கு. கரண்ட் போனால் தொடர்ந்து விளையாட அல்ல, ஒழுங்காக நிற்பாட்டத்தான். ஜாய்ஸ்டிக்கைப் பாவிக்காத நேரம் துணியால் மூடு. என் பழைய தாவணி அலுமாரியில் கிடக்கிறது, எடுத்துக்கொள்.