சட்டம் அறிவோம்: காண்டிராக்டர் கைமாறி வரும் சம்பளம்

நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், விவேக் நகர் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் நம் பெண்களில் பலர் ஆபீஸ்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஹவுஸ்கீப்பிங் செய்பவர்கள். ஆண்களில் பலர் செக்யூரிட்டி. எங்கே வேலை என்று கேட்டால் ஒரு பெயர் சொல்வார்கள். சம்பளம் தருவது யார் என்று கேட்டால் வேறொரு பெயர் வரும். அந்த இரண்டாவது பெயர்தான் காண்டிராக்டர். ஏஜென்சி, மேன்பவர் சர்வீஸ் என்று போர்டில் எப்படி எழுதியிருந்தாலும் காரியம் ஒன்றுதான்: ஆள் கொடுத்துப் பில் வாங்குவது.

சம்பளம் குறைந்தாலோ தாமதமானாலோ இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் தொழிலாளி அலைக்கழிக்கப்படுகிறார். ஏஜென்சி சூப்பர்வைசர், "கம்பெனியில் பில் பாஸ் ஆகவில்லை, அக்கா" என்பார். கம்பெனிக்காரரோ, "உங்கள் ஏஜென்சியைக் கேளுங்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பார். உண்மையிலேயே சம்பந்தமில்லையா என்பதைத்தான் இந்த இதழில் பார்க்கிறோம்.

இதற்கு உச்ச நீதிமன்றம் 1982லேயே பதில் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் கட்டினார்கள். வேலையை எடுத்த காண்டிராக்டர்கள், ஜமேதார்கள் மூலம் வெளிமாநிலங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. காண்டிராக்டர் அதைத் தொழிலாளியிடம் தராமல் ஜமேதாரிடம் கொடுப்பார். ஜமேதார் ஒரு ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். ஒரு ரூபாய்தானே என்று யாரும் விட்டுவிடவில்லை. மக்கள் ஜனநாயக உரிமைகள் சங்கம் நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்கானது.

தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால், அது அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு. வறுமையால் அந்தக் கூலிக்குத் தொழிலாளி தானே சம்மதித்திருந்தாலும் அப்படித்தான். இன்னொன்று, காண்டிராக்டர்தான் தவறு செய்தார் என்று சொல்லி வேலையைக் கொடுத்தவர் கையைக் கழுவ முடியாது. அங்கே வேலையைக் கொடுத்தது அரசாங்கமே!

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் இதே ஏற்பாட்டைத்தான் செய்திருந்தது. காண்டிராக்டர் சம்பளம் பட்டுவாடா செய்யும்போது முதன்மை முதலாளியின் பிரதிநிதி ஒருவர் அருகில் இருந்து ரிஜிஸ்டரில் சான்று எழுத வேண்டும்; காண்டிராக்டர் தராவிட்டால் முதன்மை முதலாளியே கொடுத்துவிட்டு, அவருடைய பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தின் இடத்திலும் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் இடத்திலும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்துள்ளன. மாற்றங்கள் பல உண்டு. எல்லாமே தொழிலாளிக்குச் சாதகம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நமக்கு வேண்டிய விதி அப்படியே இருக்கிறது. சம்பளம் தர வேண்டியவர் தராவிட்டால், வேலை நடக்கும் நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். "பில் பாஸ் ஆகவில்லை" என்பது காண்டிராக்டருக்கும் கம்பெனிக்கும் உள்ள கணக்கு. நம் சம்பளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதைப் பெங்களூரில் போராடியே நிலைநாட்ட வேண்டியிருந்தது. நம் தெருக்களைப் பெருக்கும் பௌரகார்மிகர்களில் தமிழும் தெலுங்கும் பேசுவோர் நிறைய உண்டு. குப்பை காண்டிராக்டர்களிடம் வேலை பார்த்த அவர்களுக்கு 2016 ஆகஸ்டில் அரசு 14,040 ரூபாய் மாதக் கூலி நிர்ணயித்தது. அந்தத் தொகை கைக்கு வந்து சேரவில்லை. 2017ல் வேலைநிறுத்தம் நடந்தது. 2018ல் அன்றைய மாநகராட்சியே நேரடியாகச் சம்பளம் தரும் முறை வந்தது. 2025 மே தினத்தன்று 12,000க்கும் மேற்பட்டோருக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது.

இப்போது நம் வீட்டுச் சம்பளச் சீட்டைப் பார்ப்போம். எளிதான கணக்குக்காகச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எப்.பில் தொழிலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 1,800. இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 113. இரண்டும் போகக் கையில் 13,087 வர வேண்டும். சில இடங்களில் 10,799 மட்டுமே வரும். வித்தியாசமான 2,288 எங்கே போனது? முதலாளி தன் பையிலிருந்து கட்ட வேண்டிய பி.எப். 1,800ம் இ.எஸ்.ஐ. 488ம் தொழிலாளி தலையிலேயே விழுந்திருக்கிறது. "கம்பெனி எங்களுக்குத் தருவதே அவ்வளவுதான்" என்பார்கள். அப்படியே இருந்தாலும் முதலாளி பங்கைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. முழுத் தொகையும் வங்கியில் ஏறும்; பிறகு சூப்பர்வைசர் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்வார். பழைய ஜமேதாரின் ஒரு ரூபாய்தான் இது. வேறு வேலை கிடைக்காதே என்ற பயத்தில் நம்மவர்கள் கொடுத்துவிடுகிறார்கள். பயம் பொய்யில்லை, ஆகவே தனி ஆளாகப் போய்ச் சண்டை பிடிக்கச் சொல்ல மாட்டேன். ஒரே இடத்தில் வேலை செய்யும் நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். பதிவு பெற்ற தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், அந்தச் சங்கமே உங்களுக்காக மனுக் கொடுக்கலாம்.

மனுக் கொடுக்கப் பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாத அவகாசம்தான் இருந்தது. இப்போது மூன்று ஆண்டுகள். பாக்கியோடு, அதன் பத்து மடங்கு வரை நஷ்டஈடும் வழங்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சம்பளத்தைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. குறைந்த கூலிக்குச் சம்மதம் என்று எழுதி வாங்கிய காகிதம் செல்லாது. தொழிலாளர் துறையின் கார்மிக பவன், நீலசந்திராவுக்கு அதிக தூரமில்லாத பன்னேர்கட்டா ரோட்டிலேயே இருக்கிறது.

போகும் முன் சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புத்தகம், அடையாள அட்டை ஆகியவற்றின் நகலை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். வேலைக்கு வந்த நாட்களையும் ஓவர்டைம் மணிகளையும் காலண்டரிலேயே குறித்து வைக்கலாம். சீட்டு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். பி.எப். என்ற வரியில் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.