புதிய தவணையும் நமது இல்லப் பள்ளியும்



புதிய தவணை நெருங்கியதும் வீட்டில் முதலில் எழுவது பணத்தைப் பற்றிய பேச்சே. கொப்பி, வர்ணப் பெட்டி, சப்பாத்து, பை என்று பட்டியல் நீளுகிறது. கையில் இருப்பதோ கிழமைச் செலவுக்கே போதாது. “எங்களால் பிள்ளைக்கு என்ன செய்ய முடியும்?” என்று மனஞ்சோரும் தாய்மார் நம் பங்குகளில் பலர். அவர்களுக்காகவே இப்பாடம்.

1965 ஒக்ரோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே எனப் போதிக்கின்றது. அதற்கு அது காட்டும் காரணம், பிள்ளைக்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள் என்பதே. அந்தத் தகுதி ஏழைத் தாய்க்கும் முழுமையாக உண்டு.

இல்லப் பள்ளி பாடசாலைக்குப் பதிலாகாது. நம் நாட்டில் 5 முதல் 16 வயதுவரை பள்ளிக்கல்வி கட்டாயமானது. நாம் இங்கே கூறுவது, முதலாம் ஆண்டுக்குச் செல்லுமுன்னும் சென்ற புதிதிலும் சிறாருக்கு வீட்டில் கொடுக்கக்கூடிய பயிற்சியையே.

1. நேரம்

பொருள்களை வாங்குமுன் நேரத்தை ஒதுக்குங்கள். காலையில் 20 நிமிடம், மாலைச் செபத்துக்கு முன் 20 நிமிடம் போதும். சிறுபிள்ளையின் மனம் அதற்குமேல் ஓரிடத்தில் நில்லாது. கிழமைக்கு ஐந்து நாள் வீதம் 12 கிழமைகள் செய்தால், தவணை முடிவில் 40 மணித்தியாலம் பிள்ளையோடு அமர்ந்திருப்பீர்கள்.

2. செவி

தமிழில் உயிரெழுத்துகள் 12, கிழமைகளும் 12. கிழமைக்கு ஓர் ஓசையை எடுங்கள். ‘அ’ கிழமையில் அம்மா, அரிசி, அடுப்பு. ‘உ’ கிழமையில் உப்பு, உரல், உறி. ‘ஓ’ கிழமையில் ஓலை, ஓடு. பொருளைப் பிள்ளையே வீட்டிலும் வளவிலும் தேடிக் கண்டுபிடிக்கட்டும். ‘ஔ’வுக்கு வீட்டில் பொருள் கிடைப்பது அரிது. அக்கிழமையில் ஔவைப் பாட்டியின் கதையைச் சொல்லி, படித்தவற்றை மீட்டுக்கொள்ளுங்கள்.

3. கை

ஓசைக்கு ‘அ’ முதலாவதாயினும், பிஞ்சு விரலுக்கு அதன் வளைவுகள் கடினம். எழுதுவதற்கு ‘ட’, ‘ப’ ஆகியவற்றில் தொடங்குங்கள், அவை நேர்கோடுகள். பின் ‘ம’. இம்மூன்றையும் புள்ளியையும் அறிந்த பிள்ளை படம், பட்டம், மடம் என்று தானே வாசித்து மகிழும். தட்டமொன்றில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்குங்கள். பிழைத்தால் கையால் தடவிவிடலாம். கடதாசி வீணாகாது, பிள்ளைக்கும் பயம் வராது.

4. எண்

பத்துப் புளியங்கொட்டைகளை எடுங்கள். புனித லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில், பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண்ணின் உவமையைச் சொல்லுங்கள். ஒன்றை ஒளித்துவிட்டு மீதியை எண்ணச் சொல்லுங்கள். ஒன்பது! வீடெல்லாம் தேடிப் பத்தாவதைக் கண்டெடுக்கும் பிள்ளை, கழித்தலோடு, காணாமற்போன ஒருவருக்காகவும் கடவுள் தேடுகிறார் என்பதையும் கற்றுவிடும். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கூட்டலுக்கு உதவும். செபமாலையின் மணிகள் பத்துப் பத்தாக எண்ணப் பழக்கும்.

5. வாங்கவேண்டியவை

ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு பெட்டி வெண்கட்டி. பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம் படம் வரைய உதவும். சவர்க்காரப் பெட்டியின் மட்டையை வெட்டினால் எழுத்து அட்டைகள் ஆயத்தம்.

ஓர் எச்சரிக்கை. அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள், எழுத்துக்காக அடிக்காதீர்கள். அடிபட்ட பிள்ளை எழுத்தையல்ல, பயத்தையே படிக்கும். காய்ச்சலாலோ வேலையாலோ ஒரு கிழமை தவறினால், விட்ட இடத்தில் மீண்டும் தொடங்குங்கள். தாய்க்கு எழுத்தறிவு குறைவாயின் கதையையும் எண்ணையும் அவர் எடுக்கட்டும். எழுத்தை மூத்த பிள்ளை சொல்லிக்கொடுக்கலாம். தகப்பனும் வேலை முடிந்து வந்து அருகில் அமர்ந்து கேட்கட்டும்.

இவ்வார முயற்சி: இன்றிரவு குடும்பச் செபத்தின்பின் கணவனும் மனைவியும் பேசி, அந்த 40 நிமிடங்களையும் எப்போது கொடுப்பது, யார் கொடுப்பது என்று தீர்மானியுங்கள். கடையில் வாங்கிய பை அடுத்த ஆண்டு கிழிந்துவிடும். அம்மா அருகிலிருந்து மணலில் விரல்பிடித்து எழுதுவித்த எழுத்து பிள்ளையின் ஆயுள்வரை நிற்கும்.